தொங்கும் தண்டின் சரித்திரம்

டிராம்போன் வாத்தியத்துக்கு மரியாதை செய்து பெயர் வைத்தது போல ஓர் ஊர் உலகத்தில் இருந்தது என்றால், அது மலேசியாவில் எங்கள் கோலசிலாங்கூர் பக்கத்தில்தான் இருந்தது. பத்தாங் பெர்ஜுந்தை. மலாயில் பத்தாங் என்றால் தண்டு. பெர்ஜுந்தை என்றால் தொங்கிக்கொண்டிருப்பது. தொங்கும் தண்டு. ஒரு டிராம்போனை ஆணியில் மாட்டி எட்ட நின்று பாருங்கள், இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. ஆனால் ஊர்ப் பெயரைக் கேட்ட பலருக்கு ஏனோ டிராம்போன் நினைவுக்கு வரவில்லை. வேறு ஏதோ வந்தது. 2007-ல் பெயரை பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள். அறிவு, வெற்றி என்றெல்லாம் பொருள் வரும் கௌரவமான பெயர். ஆசியாவில் டிராம்போனுக்கு இருந்த ஒரே நினைவுச்சின்னம் அப்படிப் போனது.

போன வருஷம் நான் தமிழ் சினிமாப் பாட்டுகளை நாலு டிராம்போனுக்குப் பிரித்து எழுத உட்கார்ந்தபோது, மச்சான் வந்து எட்டிப் பார்த்தார். "ஏன் மச்சான், நாட்டுல நாதஸ்வரம் தீந்துபோச்சா?" என்றார். சிரித்து மழுப்பிவிட்டேன். உண்மையான பதிலைச் சொல்ல வேண்டுமென்றால் 200 வருஷம் பின்னால் போக வேண்டும். அவருக்கோ அரை மணி நேரத்தில் செம்பனைக் குலை ஏற்ற லோரி வருகிறது. உங்களுக்கு லோரி ஏதும் வராது என்ற நம்பிக்கையில் ஆரம்பிக்கிறேன்.

டிராம்போன் என்பது சுமார் 9 அடிப் பித்தளைக் குழாய். மடித்து, ஒரு பாகத்தை மட்டும் முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளும்படி விட்டிருப்பார்கள். துளை கிடையாது, அமுக்கும் கட்டை கிடையாது. கை எங்கே நிற்கிறதோ அங்கே சுரம். ஏழு நிலை உண்டு. ஒவ்வொரு நிலைக்கும் அரைச் சுரம் இறங்கும். ஏழாம் நிலைக்குக் கையை முழுசாக நீட்ட வேண்டும். கை குட்டையானவர்களுக்கு ஆறே முக்கால் நிலைதான்.

இதைக் கர்நாடக சங்கீதக்காரர் ஒருவரிடம் சொன்னால் அவர் கண் கலங்க வேண்டும். வழுக்கல்தானே நம் சங்கீதத்தின் உயிர்? ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு நடக்காமல் வழுக்கிப் போகிற வாத்தியத்தை ஐரோப்பாக்காரன் 15-ஆம் நூற்றாண்டிலேயே செய்து வைத்துக்கொண்டு, அதை வைத்து என்ன செய்வதென்று தெரியாமல் சர்ச்சில் ஊதிக்கொண்டிருந்தான். பீத்தோவனே 1808-ல், ஐந்தாவது சிம்பொனியின் கடைசிப் பகுதி வரும்வரை தன் சிம்பொனிகளில் அதைச் சேர்க்கவில்லை. இப்படி ஒரு கமக மிஷினை நாம் பாய்ந்து பிடித்திருக்க வேண்டாமா? வயலினைப் பிடித்தோம், அதைச் சம்மணம் போட வைத்து நம் வீட்டுப் பிள்ளை ஆக்கினோம். கிளாரினெட்டை ஏ.கே.சி. நடராஜன் கச்சேரி மேடையில் உட்காரவைத்தார். மாண்டலினை யு. ஸ்ரீநிவாஸ் சின்னப் பையனாக இருந்தபோதே வசப்படுத்தினார். சாக்ஸபோனைக் கத்ரி கோபால்நாத் வழிக்குக் கொண்டுவந்து 1994-ல் 'டூயட்' படம் வரைக்கும் அழைத்துப் போனார். டிராம்போன் மட்டும், பத்திரிகை வைக்க மறந்துபோன தாய்மாமன் மாதிரி, பந்தலுக்கு வெளியே நின்றது.

வாய்ப்பு வராமல் இல்லை. முதல் வாய்ப்பு தஞ்சாவூரில் வந்தது. இரண்டாம் சரபோஜி 1798-ல் அரியணை ஏறினார். 1799-ல் கம்பெனிக்காரன் ராஜ்யத்தை வாங்கிக்கொண்டு கோட்டையையும் பென்ஷனையும் மிச்சம் விட்டான். ராஜ்யம் இல்லாத ராஜாவுக்கு ஓய்வு நேரம் எவ்வளவு இருக்கும், யோசித்துப் பாருங்கள். கண் வைத்தியம் பார்த்தார், உலகத்துப் புத்தகமெல்லாம் சேர்த்தார், சும்மா இருக்க முடியாமல் மேல்நாட்டு பேண்டும் வைத்தார். சதிர்க் கச்சேரியில் முகவீணை இருந்த இடத்தில் கிளாரினெட் ஏறியதும் அந்தக் காலத்தை ஒட்டித்தான். மகாதேவ நட்டுவனார் பெயரைச் சொல்வார்கள். கிளாரினெட் உள்ளே போய்விட்டது. தண்டு வெளியே.

இரண்டாவது வாய்ப்பு சென்னைக் கோட்டையில். மணலி முதலியார் தயவில் தீட்சிதர் குடும்பம் அங்கே போய் வெள்ளைக்காரன் பேண்டு வாசிப்பதைக் கேட்டது. தம்பி பாலுசாமி வயலின் பக்கம் போனார். அண்ணன் முத்துசாமி தீட்சிதர் மெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். சுமார் 40 நொட்டுசுர சாகித்தியங்கள், எல்லாம் சங்கராபரணத்தில். ஆண்டவா, எங்கள் ராஜாவைக் காப்பாற்று என்று சிப்பாய்கள் ஊதிய மெட்டில், சியாமளா தேவியே, என்னைக் காப்பாற்று என்று அவர் பாட்டு எழுதினார். ராஜாவுக்குத்தான் பீரங்கி இருக்கிறதே. காப்பாற்றப்பட வேண்டியவன் யாரென்று தீட்சிதருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. இன்றைக்கு இசையமைப்பாளர் யாராவது இங்கிலீஷ் மெட்டை எடுத்துவிட்டால் காப்பி காப்பி என்று கத்துகிறவர்கள், மும்மூர்த்திகளில் ஒருவரே இந்த வேலையைச் செய்திருக்கிறார் என்பதை நினைத்துக் கொஞ்சம் மெதுவாகக் கத்தலாம்.

மூன்றாவது வாய்ப்பு எனக்கு மிகவும் பிடித்தது. மொராவியர் என்று ஒரு கிறிஸ்துவ சபை. 1754-லிருந்து அமெரிக்காவின் பெத்லகேம் ஊரில் இவர்களுக்கு டிராம்போன் கோஷ்டியே உண்டு. ஊரில் யாராவது இறந்தால் உயரத்தில் ஏறி நின்று டிராம்போனில் வாசித்துச் சேதி சொல்வார்கள். இறந்தது ஆணா பெண்ணா, கல்யாணம் ஆனவரா ஆகாதவரா, குழந்தையா என்று மெட்டைக் கேட்டே ஊர் தெரிந்துகொள்ளும். அதே சபைக்காரர்கள் 1760-ல் தரங்கம்பாடிக்கு வந்து தோட்டம் போட்டுக் குடியிருந்தார்கள். ஆனால் தஞ்சை ஜில்லாவில் சாவுச் சேதி சொல்லும் உத்தியோகம் காலி இல்லை. அதற்குப் பறை இருந்தது. அடிக்கும் ஆளைப் பிறக்கும்போதே வேலைக்கு எடுத்து, கூலி மட்டும் கொடுக்காமல் வைத்திருந்தோம்.

ஆக, டிராம்போன் இல்லாமலேதான் மலாயாவுக்குக் கப்பல் ஏறினோம். தப்பும் உறுமியும் வந்தன. மதுரை வீரனும் முனியாண்டியும் டிக்கெட் இல்லாமல் வந்தார்கள். 1926-லிருந்து ராஜுலா கப்பல் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் போர்ட் சுவெட்டன்ஹாமுக்கும் நடையாய் நடந்து எங்களைக் கொண்டுவந்து கொட்டியது.

கொட்டிய இடத்தில் என்ன இருந்தது? மேல்நாட்டுச் சங்கீதம் எங்களுக்கு முன்னாலேயே வந்திருந்தது, தாள வாத்தியமாக. 1784-ல் டச்சுக்காரன் கோலசிலாங்கூர் மலையைப் பீரங்கி வாசித்துப் பிடித்தான். ஆல்டிங்ஸ்பர்க் என்று பெயரும் வைத்தான். அடுத்த வருஷமே சுல்தான் இப்ராகிம் அவனை விரட்டினார். 1871-ல் ரினால்டோ என்ற பிரிட்டிஷ் கப்பல் வந்து ஆற்று வாயில் ஒரு கச்சேரி செய்தது. இரண்டிலும் மெட்டு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. இன்றைக்கு அந்தப் பீரங்கிகள் மேல் குரங்குகள் உட்கார்ந்து சுற்றுலாக்காரர்களிடம் கடலை வாங்கித் தின்கின்றன.

அதற்கப்புறம் வந்ததெல்லாம் திருட்டுச் சரக்கு. கோபிக்காதீர்கள், தாவரவியலைச் சொல்கிறேன். 1876-ல் ஹென்றி விக்கம் என்ற வெள்ளைக்காரர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளைக் கிளப்பிக்கொண்டு லண்டன் கியூ தோட்டத்துக்குப் போனார். முளைத்தது 3,000-கூட இல்லை. அதில் 22 கன்று சிங்கப்பூருக்கு வந்தது. எங்கள் தாத்தாக்கள் விடியற்காலையில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டியது பிரேசில்காரன் சொத்தில். எண்ணெய்ப்பனையோ மேற்கு ஆப்பிரிக்காவின் பிள்ளை. 1848-ல் ஜாவாவின் போகோர் தோட்டத்துக்கு வந்த நாலே கன்றுகளின் வம்சம்.

அந்த வம்சத்தைக் கோலசிலாங்கூருக்குக் கொண்டுவந்த ஆளைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். ஹென்றி ஃபோகோனியே. பிரெஞ்சுக்காரர். கோன்யாக் சாராயம் காய்ச்சும் சீமையில் 1879-ல் பிறந்தவர். இங்கிலாந்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். என்ன வாத்தியார்? பிரெஞ்சும் சங்கீதமும். அங்கே ஏதோ பத்திரிகையில் போர்னியோவில் சவ்வரிசி மரம் நட்டால் பணம் கொட்டும் என்று படித்திருக்கிறார். சங்கீத வாத்தியார் சம்பளம் எப்படி இருந்திருக்கும் என்று நமக்குத் தெரியும். மனுஷன் 1905-ல் கப்பல் ஏறினார். நடுவழியில் சிங்கப்பூரில் இறங்கி விசாரித்ததில் சவ்வரிசியைவிட ரப்பர் மேல் என்றார்கள். அப்படி வந்து சேர்ந்தவர்தான் சிலாங்கூர் ஆற்றங்கரை ரந்தாவ் பாஞ்சாங்கில் வீடு கட்டி, சுமத்ராவிலிருந்து வந்த எண்ணெய்ப்பனை விதையை முதலில் அழகுக்காக நட்டார். 1917-ல், காப்பி போட்டுக் கையைச் சுட்டுக்கொண்ட நிலத்தில், வியாபாரத்துக்காகவே எண்ணெய்ப்பனை போட்டார்கள். மலேசியாவிலேயே அதுதான் முதல் எண்ணெய்ப்பனைத் தோட்டம். தோட்டத்தின் பெயர்? தென்னமரம். பிரெஞ்சுக்காரன் தமிழில் தென்னை என்று பெயர் எழுதிவைத்து, ஆப்பிரிக்கப் பனையை நட்டு, மலாய் மண்ணில் லாபம் எடுத்தான். இடம், பத்தாங் பெர்ஜுந்தை. தொங்கும் தண்டேதான்.

அவர் அதோடு விடவில்லை. மலாயாவை வைத்து ஒரு நாவல் எழுதி 1930-ல் பிரான்ஸின் கொன்கூர் பரிசையே வாங்கிவிட்டார். எனக்கு இதில் ஒரே ஒரு மனக்குறைதான். சங்கீத வாத்தியார் ஒருவர் எங்கள் மத்தியில் வருஷக்கணக்காக இருந்திருக்கிறார். லயத்துப் பிள்ளைகள் நாலு பேரைக் கூப்பிட்டு, இந்தாடா, இதை ஊது என்று ஒரு பித்தளைக் குழாயைக் கொடுத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? பாமாயிலுக்குப் பதிலாக உலகத்துக்கு நாங்கள் டிராம்போன் கோஷ்டி ஏற்றுமதி செய்திருப்போம். இருதய நோயாவது குறைந்திருக்கும்.

பித்தளையே சிலாங்கூருக்கு வரவில்லை என்று சொல்லவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே சிலாங்கூர் மாநில பேண்டு இருந்தது. வாசித்தவர்கள் மணிலாவிலிருந்து வந்த பிலிப்பினோக்கள். 300 வருஷம் ஸ்பெயின்காரனுக்குக் கீழே இருந்ததில் அவர்களுக்குப் பித்தளை ஊதுவது கைவந்திருந்தது. கோலாலம்பூரில் திடலுக்குப் பக்கத்தில் துரைமார் கிளப்பில் விஸ்கி ஸ்டெங்கா குடிக்க, இவர்கள் வால்ட்ஸ் வாசித்தார்கள். மலாயில் பேண்டுக்குப் பெயர் பஞ்சராகம். நம் ராகத்தில் ஐந்தைக் கடன் வாங்கி வைத்துக்கொண்ட சொல். அந்தப் பஞ்சராகத்தில் ஒரு ராகம்கூடத் தோட்டத்துச் சடக்கைத் தாண்டி உள்ளே வரவில்லை. தோட்டத்தில் ஊதப்பட்ட ஒரே பித்தளை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கூப்பிடும் கொம்பு. சில தோட்டங்களில் அதுவும் இல்லை, தண்டவாளத் துண்டைத் தட்டினார்கள்.

1941-ல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் முன்னின்ற வேலைநிறுத்தம் நடந்தது. கோரிக்கைகளில் ஒன்று, துரையையோ, கிராணி என்ற தோட்டத்துக் குமாஸ்தாவையோ கண்டதும் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கச் சொல்லாதே என்பது. அதற்குப் பட்டாளம் வந்தது. ஐந்து பேர் சுடப்பட்டுச் செத்தார்கள். இதில் நான் சிரிக்க ஒன்றும் இல்லை. சைக்கிளில் உட்கார விடாதவர்களிடம் டிராம்போன் கேட்டிருக்க முடியாது என்பதற்காகச் சொன்னேன்.

சரி, சினிமாவுக்கு வருகிறேன். எங்கள் தோட்டத்தில் மாதம் ஒரு படம். திடலில் இரண்டு கம்பு நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். சாயங்காலமே பாய் போட்டு இடம் பிடிக்க வேண்டும். தாமதமாக வந்தவர்கள் துணிக்கு மறுபக்கம் உட்கார்ந்து பார்ப்பார்கள். அவர்களுக்கு எம்.ஜி.ஆர். இடது கையால் கத்தி வீசுவார்; எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பி ஓடும். என் பெரியம்மா கடைசிவரை எம்.ஜி.ஆர். ஒரு நொட்டாங்கைக்காரர் என்றே நம்பினார்.

படத்தைவிட எனக்கு முக்கியம் சத்தம் வந்த வழி. மரத்தில் கட்டிய தகரக் கூம்பு. விஸ்வநாதன்-ராமமூர்த்தி சென்னையில் முப்பது வயலினை வைத்து மெழுகாய் உருக்கியிருப்பார்கள். அது ஜெனரேட்டர் இரைச்சலோடு அந்தக் கூம்பு வழியாக வரும்போது வயலின் என்ற சங்கதியே இருக்காது. மூக்கால் பாடும் பித்தளைதான் இருக்கும். டி.எம்.எஸ். குரல் பித்தளை. சுசீலாவும் பித்தளை, கொஞ்சம் மெல்லிசாக. பிற்பாடு கோலாலம்பூரில் ஒரு நண்பன் வீட்டில் நல்ல ஸ்டீரியோவில் அதே பாட்டைக் கேட்டபோது, யாரோ தண்ணீர் கலந்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. மச்சான் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். நான் சினிமாப் பாட்டை டிராம்போனுக்கு மாற்றவில்லை. நாங்கள் கேட்டபடி திருப்பி எழுதுகிறேன், அவ்வளவுதான்.

1957-ல் நடந்த ஒரு கூத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மெட்டை எடுத்துப் பித்தளைக்கு எழுதும் கலையில் எங்கள் நாட்டை மிஞ்ச ஆள் இல்லை. சுதந்திரம் வரப்போகிறது, கொடி தயார், கீதம் இல்லை. உலகம் முழுவதும் போட்டி வைத்தார்கள். 514 பாட்டு வந்தது. ஒன்றும் பிடிக்கவில்லை. பெஞ்சமின் பிரிட்டன், வில்லியம் வால்டன், ஜியான் கார்லோ மெனோட்டி, சிங்கப்பூர் ஜுபிர் சைட் என்று பெரிய தலைகளிடம் கேட்டார்கள். அதுவும் பிடிக்கவில்லை. பெஞ்சமின் பிரிட்டனின் மெட்டையே திருப்பி அனுப்பிய துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமை. கடைசியில் பிரதமராகப் போகிற துங்குவும் குழுவினரும் பக்கத்து வீட்டிலிருந்து சர்க்கரை வாங்குவது மாதிரி பேராக் மாநில கீதத்தை எடுத்துக்கொண்டார்கள்.

பேராக்குக்கு அது எங்கிருந்து வந்தது? ஒரு கதை இப்படிப் போகிறது. 1875-ல் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் பர்ச் துரை கொலையானார். அதற்காக சுல்தான் அப்துல்லாவை வெள்ளைக்காரன் செஷல்ஸ் தீவுக்கு நாடு கடத்தினான். அங்கே பேண்டு வாசிக்கும் ஒரு பிரெஞ்சு மெட்டு ராஜ குடும்பத்துக்குப் பிடித்துப்போனது. பிற்பாடு லண்டனில் ஒருநாள், உங்கள் மாநில கீதம் என்ன என்று வெள்ளைக்காரன் கேட்க, கீதமே இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, உதவியாளர் அந்த மெட்டை முணுமுணுத்துக் காட்டினாராம். நாடு கடத்தியவனிடமே அந்தத் தண்டனையில் கற்ற பாட்டை கீதமாக விற்ற கதை. நிஜமோ பொய்யோ, இதற்குமேல் எனக்கு வரலாறு வேண்டாம். அந்த மெட்டு சும்மாவும் இருக்கவில்லை. 'தெராங் பூலான்' என்ற பெயரில் காதல் பாட்டாக ஊர் ஊராகச் சுற்றியது. 1937-ல் அதே பெயரில் டச்சு இந்தியாவில் ஒரு படம் வந்து மலாயாவிலும் சக்கைப்போடு போட்டது. நிலா வெளிச்சத்தில் கையைப் பிடித்துக்கொண்டு பாடிய மெட்டுக்கு, 1957 ஆகஸ்டிலிருந்து விறைத்து நிற்க வேண்டியதாயிற்று. 1968-ல் சட்டமே வந்தது: நிற்காமல் அவமதித்தால் 100 வெள்ளி வரை அபராதம், அல்லது ஒரு மாதம் வரை உள்ளே. 1990-களில் நாடு வேகமாக முன்னேறுகிறது என்று மெட்டையும் வேகமான மார்ச் நடையில் ஓட்டிப் பார்த்தார்கள். 2003-ல் மூச்சு வாங்கி, பழைய நடைக்கே வந்தார்கள். ஊரில் இன்னும் இரண்டு கட்சி உண்டு.

அதே 1957 டிசம்பரில் நியூயார்க்கில் 'தி மியூசிக் மேன்' என்ற நாடகம் மேடையேறியது. 1962-ல் படமாகவும் வந்தது. ஒரு பித்தலாட்டக்காரன் சின்ன ஊருக்கு வருகிறான். பிள்ளைகளுக்கு பேண்டு வைத்துத் தருகிறேன் என்று வசூல் செய்கிறான். அவனுக்கு ஒரு சுரமும் தெரியாது. அதில் 76 டிராம்போன்கள் அணிவகுப்பதாக ஒரு பாட்டு, உலகப் புகழ். இந்தக் கதையை நான் தோட்டத்து ஆட்கள் மத்தியில் சொன்னபோது ஒருவரும் சிரிக்கவில்லை. கோயில் கும்பாபிஷேகம், நிலம், கூட்டுறவு, வங்கி வேலை என்று பலதுக்கும் வசூல் கொடுத்துப் பழகியவர்கள். "பொட்டி வந்து சேந்துச்சா இல்லியா?" என்றுதான் கேட்டார்கள். படத்தில் பெட்டி வந்து சேர்கிறது. "அப்பறம் என்ன, நல்ல மனுஷன்தான்" என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

எங்கள் கோஷ்டிக்கு 76 கிடைக்கவில்லை. நாலு. ஏதோ ஒரு பள்ளிக்கூட பேண்டு கலைத்தபோது வெளியே வந்த பழைய வாத்தியங்கள்; ஒன்றில் பல்லி முட்டை இருந்தது. ஆட்கள்: ஓய்வுபெற்ற போலீஸ் பேண்டுக்காரர் ஒருவர், உண்மையில் வாசிக்கத் தெரிந்தவர் அவர் மட்டும்தான். என் தங்கை மகள், பள்ளியில் பஞ்சராகத்தில் இருக்கிறாள். ஒரு லோரிக்காரர், நுரையீரலுக்காகச் சேர்த்தோம். நாலாவது நான். ஒத்திகை புக்கிட் ரோத்தானில் என் வீட்டுப் பின்கட்டில்.

முதலில் எதை எழுதுவது? உலகத்தில் நாலு டிராம்போன் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தால் வாசிப்பது 1980-ல் ஜான் வில்லியம்ஸ் இரண்டாவது ஸ்டார் வார்ஸ் படத்துக்குப் போட்ட அந்தக் கறுப்புத் தொப்பி வில்லனின் மார்ச். நாங்களும் அதில்தான் பிள்ளையார் சுழி போட்டோம். வாசிக்க வாசிக்க லோரிக்காரர் முகம் மாறியது. "அண்ணே, இது பெரட்டுக்குப் பெரிய கங்காணி வர்ற மாதிரியே இருக்குண்ணே" என்றார். தோட்டத்தில் பிறந்தவனுக்கு அந்தப் பாட்டை விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது 1964-ல் வந்த 'புதிய பறவை'. சிவாஜி நிம்மதியைத் தேடிக் கையை விரித்துக்கொண்டு அலைகிறாரே, அந்தப் பாட்டு. அதில் விஸ்வநாதன்-ராமமூர்த்தி வைத்த வாத்தியக் கும்பலை நாலு பேருக்குப் பங்கு போடுவது, கல்யாண வீட்டுச் சாப்பாட்டை நாலு பேர் தின்று தீர்ப்பது மாதிரி. டி.எம்.எஸ். குரலை முதல் டிராம்போனுக்குக் கொடுப்பதில் கஷ்டமில்லை. அவர் குரலும் தண்டும் ஒரே ஜாதி. பாஸ் கிட்டார் வேலை நாலாவது ஆளுக்கு. கோரஸ் பெண்கள் இரண்டாவதும் மூன்றாவதும். வில்லங்கம் வயலின் ஓட்டங்களில். வயலின்காரருக்கு விரல் நாலு அங்குலம் நகர்ந்தால் போதும். எங்களுக்குக் கை இரண்டடி போய் வர வேண்டும். அந்த இடம் வந்தபோது நாலு பேர் ஒன்றாக விறகு அறுக்கிற மாதிரி இருந்தது. சாமி மாடத்து விளக்கு ஏழாம் நிலையில் மாட்டி விழுந்தது. ஓட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஆளுக்கு மூன்று சுரம் என்று சுற்றில் விட்டேன். தோட்டக்காரர்கள் இதைச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள்: ஒட்டுக் கட்டுவது. ஒரு மரத்தின் மொட்டைச் சீவி இன்னொரு மரத்தின் பட்டைக்குள் வைத்து இறுக்கிக் கட்டவேண்டும். அவசரப்பட்டால் செத்துப்போகும்.

நான் பெரிதும் நம்பியிருந்த கமகத்திலும் ஒரு பள்ளம் இருந்தது. தண்டு வழுக்கும்தான், ஆனால் ஒரே இழுப்பில் ஆறு அரைச் சுரத்துக்குமேல் வழுக்காது. அதற்கப்புறம் உதட்டை மாற்றிக் குதிக்க வேண்டும். 'தில்லானா மோகனாம்பா'ளில் நாகசுரமும் பாட்டும் ஒன்றையொன்று நலம் விசாரிக்கும் கட்டத்தை எழுதப் போனபோது இதில்தான் விழுந்தேன். மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் மூச்சும் உதடும் விரலும் வைத்து 1968-ல் செய்ததை நான் முழங்கையால் செய்யப் பார்த்தேன். போலீஸ்காரர் கேட்டுவிட்டு, "இது நலம் விசாரிக்கிற மாதிரி இல்ல, வாக்குமூலம் எடுக்கிற மாதிரி இருக்கு" என்றார். அந்தப் பக்கங்கள் பீரோவுக்குள் இருக்கின்றன.

வெற்றிகளும் உண்டு. டியூக் எல்லிங்டன் குழுவில் டிரிக்கி சாம் நான்ட்டன் என்று ஒரு டிராம்போன்காரர் இருந்தார். கக்கூஸ் அடைப்பு எடுக்கும் ரப்பர் கிண்ணத்தைக் குழலின் வாயில் வைத்து மூடித் திறந்து, வாத்தியத்தை மனுஷக் குரலில் பேச வைத்தவர். வா, வா என்றே கேட்கும். தமிழருக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம். நானும் பாசாரில் ஐந்து வெள்ளிக்கு ஒன்று வாங்கிவந்தேன். பிரேசிலில் திருடிய விதை, எங்கள் பாட்டன் வெட்டிய பால், எந்த ஊரிலோ வார்த்த கிண்ணம். சுற்றி வந்து தோட்டத்துப் பேரனின் டிராம்போன் வாயில் உட்கார்ந்தது. அதை வைத்து நாகேஷ் பேசுகிற மாதிரி ஓர் இடம் எழுதினேன். தங்கை மகள் பிரமாதமாக வாசித்தாள். மச்சான்கூடச் சிரித்தார்.

ரப்பர் கைகொடுத்ததே என்று செம்பனையையும் நம்பினேன். தண்டு வழுக்குவதற்கென்று விற்கும் களிம்பு தீர்ந்துபோன நாளில் சமையல் எண்ணெயைத் தடவினேன். ஃபோகோனியேவின் எண்ணெய் முதல் பத்து நிமிஷம் தேனாக வழுக்கியது. பதினோராவது நிமிஷம் தேனாகவே ஆகிவிட்டது. மூன்றாம் நிலையில் இறுகிய தண்டைப் பிரிக்க லோரிக்காரரும் போலீஸ்காரரும் இரண்டு பக்கம் நின்று தேர் இழுத்தார்கள்.

தாளத்தைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே மேல். பக்கத்திலேயே கம்போங் குவாந்தானில், ஆற்றோரத்து பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் நொடிக்குச் சுமார் மூன்று முறை, ஆயிரக்கணக்கில், ஒன்றாக மின்னுகின்றன. நடத்துநர் இல்லை, ஒத்திகை இல்லை, பின்கட்டு இல்லை. கோஷ்டியை ஒரு ராத்திரி படகில் கூட்டிப்போய், பாருங்கள், இப்படித்தான் சேர்ந்து வாசிக்கணும் என்றேன். "அதுங்களுக்கு ரெண்டாவது பாகம் கெடையாதே மாமா" என்றாள் தங்கை மகள்.

போன மாதம் ஒரு சாயங்காலம் 'புதிய பறவை'யை முதல் தடவையாகக் கடைசிவரை நிறுத்தாமல் வாசிப்பது என்று உட்கார்ந்தோம். ஆரம்பத்தில் நாலு பேருக்கும் நீண்ட சுரங்கள் எழுதியிருக்கிறேன், நிதானமாக, கனமாக. லோரிக்காரருக்கு மூச்சு வாங்கியதால் இன்னும் நிதானம் ஆனது. நான் தாளைவிட்டுத் தலையைத் தூக்கினால், வேலிக்கு அந்தப் பக்கம் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிராணி, செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர், விறைப்பாக நிற்கிறார். கை இரண்டும் தொடையோடு ஒட்டியிருக்கிறது. ஒரு கையில் தண்ணீர்க் குழாய். தண்ணீர் அவர் சிலிப்பருக்குள் ஓடுகிறது.

நிறுத்தவா, தொடரவா? நிறுத்தினால் அவர் எதற்கு நின்றார் என்று அவருக்கே தெரிந்துபோகும். தொடர்ந்தோம். சிவாஜி படிகளில் இறங்கினார், நிழல்கள் துரத்தின, கோரஸ் வந்தது, வயலின் ஓட்டத்தில் நாலு பேரும் விறகு அறுத்தோம். கிராணியார் அசையவில்லை. கடைசிச் சுரம் ஓய்ந்ததும் ஒரு மூச்சு விட்டுவிட்டுக் குழாயைத் திருப்பிப் பிடித்தார்.

"நல்லா இருந்துச்சு தம்பி," என்றார் வேலிப் பக்கம் வந்து. "இந்தப் பழைய நடைதான் சரி. நடுவுல கொஞ்ச வருஷம் ஓட்டமா ஓட்டிக் கெடுத்துட்டானுங்க."